கணக்கு முடித்த பிறகும் ஓர் அறுப்பு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஜவ்வாது மலையில், சந்தவாசலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனால் ஒரு சின்ன ஊர் வரும். அந்த ஊருக்கு நான் குடிபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. அங்கே என் வீட்டுக்காரரோடு நான் போட்ட ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி ஜெயித்தேன் என்பதுதான் விஷயம்.

எங்கள் அப்பா வழி ஆட்கள் அந்த மலைக்காரர்கள்தான். ஆனால் தாத்தா காலத்திலேயே கீழே இறங்கி சந்தவாசல் பக்கம் குடியேறிவிட்டோம். அதனால் மலையின் வழக்கங்கள் எனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். இளவட்டமாக இருக்கும்போதே கீழே இறங்கி, வேலூருக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 'கம்பெனி மாப்பிள்ளை' என்று எங்கள் அப்பாவுக்கு ஏகப் பெருமை. தோல் ஊறும் தொட்டியில் இறங்கி நிற்கிற வேலை என்பதும், அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த வாடை வந்துவிடும் என்பதும் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வாடை சோப்புப் போட்டால் போய்விடும். மனுஷர் நல்ல மனுஷர்.

ஷாப்பில் வேலை செய்பவர்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு சரியில்லை என்றால் அந்தக் கார்டைக் காட்டி இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்கும் உண்டு. குழந்தைக்குச் சளி பிடித்தால் நான் மருந்துக்குக் காலிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். எல்லோரும் அதைக் 'கம்பெனி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். முதலாளி வைத்திருக்கிற ஆஸ்பத்திரி, முதலாளி கொடுக்கிற மருந்து. எல்லாத் தொல்லையும் அந்த ஒரு நினைப்பில்தான் ஆரம்பித்தது.

ஒரு ஆடி மாசம் மாமனார் காலமாகிவிட்டார். மலையில் கொல்லை என்றால் மானாவாரி நிலம்; அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாமியார் தனியாக என்ன செய்வார்? இவர் ஒரே பிள்ளை. வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஷாப்பில் கூப்பிட்டுக் கணக்கு முடித்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்ட மேஸ்திரி, "கணக்கு முடிஞ்சிச்சிப்பா. இனிமே ஒனக்கும் ஷாப்புக்கும் ஒண்ணும் கெடையாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கார்டை அடுப்பில் போடப் போனார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பெரிய யோசனையெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் மகளின் பெயரை மையால் அழகாக எழுதியிருந்த ஒரே காகிதம் அதுதான். அதை எரிக்க எனக்கு மனசு வரவில்லை.

மலைக்குப் போனோம். எனக்கு எல்லாமே புதுசு. ஐப்பசியில் சாமை அறுப்பு வந்தது. அப்போது ஒரு வேடிக்கையைப் பார்த்தேன். இவருக்குச் சித்தப்பா முறையில் ஒருவர், பக்கத்துக் கொல்லையை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போது, ஆடு மேய்ந்த விஷயத்தில் கொல்லைக்காரரோடு பெரிய சண்டை. ஊரே கூடி, இனி வாரம் கிடையாது என்று கணக்கு முடித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் அறுப்பன்றைக்குப் பார்க்கிறேன், அந்தச் சித்தப்பா தன் அருவாளோடும் தன் கூழ்ச்சட்டியோடும் கம்பீரமாக வந்து, அதே கொல்லையில் இறங்கி அறுக்கிறார். கொல்லைக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தடுக்கப் போகவில்லை.

"இன்னாங்க இது, அவ்ளோ சண்டை போட்டுக்கினு போனவரு, வெக்கமில்லாம வந்து அறுக்கிறாரு?" என்று இவரிடம் கேட்டேன்.

இவர் என்னை ஏதோ கீழ்நாட்டுக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இதுல வெக்கம் இன்னா கீது? வெதைச்சது அவரு. கணக்கு முடிஞ்சா நெலம்தான் போவும், வெதைச்சது போவாது. அறுப்பு வரைக்கும் அவரு பாத்தியம். வரலைன்னாதான் வெக்கம். பயிரு வீணாப் போச்சுன்னா ஊரே சிரிக்கும்."

சாயங்காலம் அந்தச் சித்தப்பா அறுத்ததில் தன் பங்கைக் கட்டிச் சுமந்துகொண்டு போகும்போது, ஒரே ஒரு கட்டைக் கொல்லை நடுவிலேயே விட்டுவிட்டுப் போனார். அது நிலத்துக்காம். அதோடு பாத்தியம் தீர்ந்தது என்று அர்த்தமாம். நல்ல வழக்கமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கார்த்திகையில் இவருக்கு இருமல் ஆரம்பித்தது. பனி என்றார்கள். மார்கழியில் சாயங்காலமானால் காய்ச்சல். அதுவும் பனிதான் என்றார்கள். மாமியார் துளசியும் தூதுவளையுமாக இடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தையில் பொங்கலுக்குப் புது வேட்டி கட்டினபோது இடுப்பில் நிற்கவில்லை. அவ்வளவு இளைத்துவிட்டார். ஒருநாள் காலையில் துண்டை ஒளித்து வைக்கிறதைப் பார்த்தேன். பிடுங்கிப் பார்த்தால் ரத்தம்.

கட்டாயப்படுத்திக் கீழே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், காசநோய் என்று சொன்னார்கள். பயப்பட வேண்டாம், இப்போது நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் மாசக்கணக்கில் விடாமல் தினமும் ஊசி போட வேண்டும், படுக்கை கிடைக்க நாளாகும், சில மருந்தை வெளியில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். தினமும் மலையிலிருந்து இறங்கி ஏறுகிற காரியமா அது? கீழே வீடு எடுத்துத் தங்க வேண்டும். வேலை இல்லாமல் சாப்பிட வேண்டும். ஒரே வழி, கொல்லையை ஒத்திக்கு வைப்பதுதான். எந்தக் கொல்லைக்காக வேலையை விட்டுவிட்டு வந்தாரோ அதே கொல்லை.

இவர் முடியவே முடியாது என்றுவிட்டார். "கொல்லைய எழுதிக் குடுத்துட்டு நான் பொழைச்சி இன்னாத்துக்கு?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் இன்னும் சுருண்டுவிடுவார் என்று வெளியே போய் அழுதேன். ஆனால் அன்றைக்கே ஒன்று முடிவு பண்ணிவிட்டேன். ஆளையும் விடக் கூடாது, கொல்லையையும் விடக் கூடாது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

மாசியில் புளி உலுக்கினோம். உருண்டை பிடித்து, கூடையில் வைத்துக்கொண்டு நான்தான் கண்ணமங்கலத்துக்கு விற்கப் போனேன். வந்த வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, கீழே இருந்தபோது ஷாப்பு ஆட்களின் லைன் வீட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா ஒருத்தரைப் பார்த்தேன். கையில் மருந்து பாட்டில். யாருக்கு என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருக்குத்தான். மூட்டு வலி. இன்சூரன்ஸ்ல வாங்கியாந்தேன்" என்றார்.

"அவரு இன்னும் ஷாப்புலதான் கீறாரா?"

"எங்கடி? உங்க ஆளு நின்ன கொஞ்ச நாள்லயே இவரும் நின்னுட்டாரு. அதனால இன்னா? இன்னும் குடுக்கறாங்களே!"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படியென்றால் இவருக்கும் கொடுப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. ஊர்ப்பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. நான் அதில் ஏறாமல், எதிரே வேலூர் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். வெறும் கூடை ஒரு கையில், குழந்தை இடுப்பில்.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு அம்மா இருந்தார். முன்னே பின்னே பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் கடுகடுப்பான ஆள் என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அந்த அம்மா மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த மாசம் நின்றார், அதற்கு முன்னால் எவ்வளவு காலம் விடாமல் வேலை செய்தார் என்று கேட்டார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"இதோ பாரும்மா. வேலை செய்யறப்போ சம்பளத்துல புடிச்சாங்க இல்ல, அந்தப் புடிச்சதுக்கு உண்டான வைத்தியம் உடனே தீர்ந்துடாது. பின்னாடி வர்ற மாசங்களுக்கு ஓடும். வேலையில இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும். ஒங்க வூட்டுக்காரருக்குப் பங்குனிக் கடைசி வரைக்கும் இருக்குது. அதுக்குள்ள ஆளைக் கொண்டாந்து காட்டி, நோய் இன்னான்னு எழுதிட்டா, இந்த நோய்க்குக் கொணமாவற வரைக்கும் பாப்பாங்க. படுக்கையும் குடுப்பாங்க. பங்குனி தாண்டிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"கம்பெனியில கேக்கணுங்களா?" என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "கம்பெனிக்கும் இதுக்கும் இன்னாம்மா? அவங்க ஆஸ்பத்திரியா இது? சர்க்காரு நடத்தறது. கார்டு இருக்குதா, எரிச்சிட்டீங்களா, அதைச் சொல்லு முதல்ல."

கார்டு இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. மகள் பெயர்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது.

மலை ஏறும்போது பறந்துகொண்டே போனேன். ஆனால் வீட்டில் நான் நினைத்தபடி நடக்கவில்லை. இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் போவ மாட்டேன்" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"கணக்கு முடிச்சிக்கினு வந்தவன் நான். திரும்பப் போயி அவங்க வாசல்ல கையேந்தி நிக்கணுமா? எங்கப்பன் பேரு கெட்டுப்போவும். யாரோ குடுக்கற தர்மத்துல பொழைக்கறதுக்கு, இப்படியே கெடந்துட்டுப் போறேன்."

மாமியாரும் அவர் பக்கம். தப்பாகச் சொல்லவில்லை, அந்த வீட்டின் வழக்கம் அப்படி. ஒரு வீட்டில் வேலையாளாக இருந்து கணக்கு முடித்தால், அப்புறம் அந்த வீட்டு மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நான் கெஞ்சினேன். அது முதலாளியுடையது இல்லை என்று சொன்னேன். குழந்தையைக் காட்டினேன். மனுஷர் அசையவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. பங்குனியும் பிறந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அவர் இருமுகிற சத்தம், யாரோ என் நெஞ்சிலேயே இடிக்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் காலையில், தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் பக்கத்துக் கொல்லை வழியாக வந்தேன். அறுத்த சாமைத் தாள் காய்ந்து கிடந்தது. நடுவில், அந்தச் சித்தப்பா நிலத்துக்கு விட்டுவிட்டுப் போன கட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் வைக்கோல் மட்டும் மிச்சம். குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஜன்னல் அம்மா என்ன சொன்னார்? முன்னால் பிடித்ததற்குப் பின்னால் வைத்தியம். ஆள் நின்றாலும் அது நிற்காது. இவர் என்ன சொன்னார்? கணக்கு முடிஞ்சா நெலம்தான் போவும், வெதைச்சது போவாது. அடப்பாவி மனுஷா, உன் வாயாலேயே சொன்னாயே!

வீட்டுக்கு ஓடினேன். குடத்தை இறக்கினேன். கூரையில் செருகியிருந்த அறுப்பு அருவாளை எடுத்தேன். கூழ்ச்சட்டியில் கூழை ஊற்றி, துணியால் வாய் கட்டினேன். இரண்டையும் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"எழுந்திரு. அறுப்புக்குப் போவணும்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'நீ' என்று பேசியது அன்றைக்குத்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பங்குனியில இன்னா அறுப்பு?" என்றார், படுத்தபடியே.

"நீ அந்தத் தொட்டியில நின்னு நின்னு வெதைச்சியே, அந்த அறுப்பு. சம்பளத்துல புடிச்சாங்களே, அது இன்னா, அவங்க வூட்டுச் சோறா? உன் வெதை. கணக்கு முடிஞ்சா வேலைதான் போவும், வெதைச்சது போவாது. யாரு சொன்னது? நீதான் சொன்ன. பங்குனி முடிஞ்சா பயிரு கொட்டிப் போவும். போவலைன்னா ஊரு சிரிக்கும்னு சொன்னதும் நீதான். சிரிக்கட்டுமா?"

அவர் அருவாளையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வழக்கத்தை எடுத்தே அவரை மடக்கியிருந்தேன்.

கடைசியில் மாமியார்தான் எழுந்தார். மூலையில் தொங்கிய துண்டை எடுத்து, அறுப்புக்குப் போகிறவர்களுக்குக் கட்டுகிற மாதிரியே மகன் தலையில் உருமாலாகக் கட்டிவிட்டார். "போடா. அவ சொல்றதுல இன்னா தப்பு கீது? வெதைச்சதை வுட்டுட்டு வந்து, அப்பன் பேரைப் பேசறான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுதது எனக்குத் தெரியும்.

இறங்கினோம். வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிற பாதைதான். அன்றைக்கு நாள் பூராவும் ஆனது. பத்தடி நடந்தால் உட்காருவார். என்னைப் பிடிக்க விடவில்லை. அருவாளையும் தானேதான் வைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி சந்தவாசலில் எங்கள் அப்பா வீட்டில் தங்கி, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

டிஸ்பென்சரியில் அந்த அம்மா கார்டைக் கேட்டார். பையில் கைவிட்டபோது அருவாளும் கூடவே வெளியே வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"இன்னாய்யா இது, ஆஸ்பத்திரிக்கு அருவா எடுத்தாந்திருக்க?" என்றார் அந்த அம்மா.

இவர் உருமாலைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னார்: "அறுப்புக்கு வந்திருக்கேங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த நிமிர்ந்து நிற்கிற நிலையைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது, இந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று.

டாக்டர் பார்த்து எழுதினார். காசநோய்க்காரர்களுக்கென்று இருந்த வார்டில் படுக்கை கொடுத்தார்கள். முதல் நாள் இவர் அங்கே கொடுத்த பாலையும் ரொட்டியையும் தொடவில்லை. அறுப்புக்கு வந்தவன் தன் கூழைத்தான் குடிக்க வேண்டும் என்று சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளித்துப்போன கூழைப் பார்த்து நர்ஸ் சத்தம் போட்டார். நான் அந்த ரொட்டியை அவர் முன்னால் வைத்து, "இதுவும் நீங்க வெதைச்சதுதான். சாப்பிடுங்க" என்றேன். முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். அதற்குள் நானும் பழையபடி 'நீங்க'வுக்குத் திரும்பியிருந்தேன். காரியம் முடிந்துவிட்டதே.

மாசக்கணக்கில் ஆனது. ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிவிட்டது என்பார். பங்குனி போய், சித்திரை போய், அடுத்த ஆடியும் வந்தது. யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. கொல்லையில் மாமியாரும் நானும் அந்தச் சித்தப்பாவும் சேர்ந்து சாமை விதைத்தோம். எங்கள் கொல்லை, ஒத்திக்குப் போகாத கொல்லை. அது முளைத்து வந்த பச்சையைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சாமை முற்றுகிற நேரத்தில், நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அன்றைக்குக் கூட்டிவரப் போகும்போது, முதலில் முற்றியிருந்த கதிரில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நேராக அந்த மருந்து ஜன்னலுக்குப் போய், கட்டை மேடையில் வைத்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் அந்த அம்மா.

"நெலத்துக்கு வுடற கட்டுங்க. என் பாத்தியம் தீர்ந்துச்சு" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தச் சித்தப்பா கதையையும் கொல்லைக் கதையையும் அங்கேயே நின்று சொன்னேன். கடுகடுப்பு என்று பெயர் வாங்கிய அந்த முகம் எப்படி மாறியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டை எடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் மலையில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கீழே ஷாப்பிலும் மில்லிலும் வேலை செய்துவிட்டு நின்று வந்தவர்கள் உடம்புக்கு முடியாமல் படுத்தால், இவரே போய் வாசலில் நின்று, "டேய், அறுப்பு கீதாடா உனக்கு? கார்டை எடு, போய்ப் பாக்கலாம்" என்று கிளப்பிக் கூட்டிக்கொண்டு போவார். சிலருக்குக் காலம் கடந்துபோயிருக்கும். சிலருக்கு இருக்கும். இருந்தவர்கள் யாரும் வெட்கப்பட்டு நின்றதில்லை.

வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. இப்போதும் தை மாசப் பனியில் இவர் இருமினால் நான் முதலில் துண்டைத்தான் பார்க்கிறேன். அது வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் உழைத்துவிட்டு வந்த இடத்தில் தனக்கு உள்ளதைக் கேட்க யாராவது கூச்சப்பட்டு நிற்பதைப் பார்த்தால், அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் என் கை கூரையில் செருகிய அருவாளைத்தான் தேடுகிறது.